முதல் தண்ணீர்தான் எல்லாம்: டெசர்ட் புளூபெல் வளர்த்த அனுபவம்

வீட்டு முன்னால் இருந்த புல்தரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெசர்ட் புளூபெல் என்ற பாலைவன நீலப் பூச்செடியை விதைத்திருக்கிறேன் என்று சொன்னதிலிருந்து நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான். விதை வாங்கினோம், தூவினோம், தினமும் தண்ணீர் தெளித்தோம், நாலைந்து செடிக்கு மேல் வரவில்லை, உங்கள் வீட்டில் மட்டும் எப்படிப் பாய் விரித்த மாதிரி வருகிறது? சில பருவங்களாக இதையே செய்துகொண்டிருக்கிறேன், அதனால் செய்த வேலை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்வதென்றால், இந்தச் செடியில் நம் உழைப்பு அத்தனையும் முளைப்பதற்கு முன்னால்தான், அதிலும் நாம் விடும் முதல் தண்ணீரில்தான் இருக்கிறது. முளைத்த பிறகு நாம் எவ்வளவு குறைவாகக் கவனிக்கிறோமோ அவ்வளவுக்கு அது நன்றாக இருக்கிறது.

நான் இருப்பது கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில், பாம் டெசர்ட் பக்கம். ஆண்டு முழுவதும் சேர்த்து நாலைந்து அங்குல மழை பெய்தால் நல்ல வருடம், சில வருடம் அதில் பாதிகூடக் கிடையாது. பெய்வதில் பெரும்பகுதி டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில். கோடையில் 45 டிகிரி செல்சியஸ் சர்வசாதாரணம். இந்த ஊர்க் காட்டுச் செடிதான் ஃபசீலியா கேம்பனுலேரியா, பேச்சில் டெசர்ட் புளூபெல். மொஹாவி பாலைவனத்திலும் சொனோரன் பாலைவனத்தின் கலிபோர்னியப் பகுதியிலும் மணல் ஓடைகள், சரளைச் சரிவுகள், பாறை இடுக்குகளில் தானாக வளர்வது. ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் தெற்கு வாசலான காட்டன்வுட் பக்கம் நல்ல மழை வருடத்தில் மார்ச் மாதம் போனால் சாலையோரத்திலேயே பார்க்கலாம். ஓராண்டுச் செடி. குளிர்காலத்தில் முளைத்து, பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பூத்து, விதை விட்டு, வெயில் ஏறுவதற்குள் செத்துவிடும். வருடத்தின் மீதி மாதங்களை விதையாக மண்ணுக்குள்ளேயே கழித்துவிடும். வளர்ப்பவர் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். நாம் பராமரிப்பது பெரும்பாலும் விதையை, செடியை அல்ல.

மண் வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். புல்தரை மண் என்பது பல வருடம் உரம் போட்டு, தண்ணீர் ஊற்றி, வேரும் மக்கும் சேர்ந்து கறுத்துப்போன மண். பாத்தியின் ஒரு பாதியில் அந்த மேல்மண்ணை நாலு அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு, கீழே இருந்த மணலோடு சரளையும் உடைந்த கருங்கல் துகளும் கலந்து பரப்பினேன். மறு பாதியை வேண்டுமென்றே அப்படியே விட்டு வைத்தேன், வித்தியாசம் தெரியட்டும் என்று. பிப்ரவரி வந்ததும் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. பழைய மண்ணில் இலை அகலம் அகலமாக, கரும்பச்சையாக, பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் தண்டு சதைப்பற்றாகி, இந்தப் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு நிற்காமல் படுத்துவிட்டது, பூவும் தாமதம். சரளைப் பக்கச் செடி குட்டையாக, தண்டு சிவப்போடி, ஒரு முழம்கூட வளராமல், இலையை மறைக்கும் அளவுக்குப் பூத்தது. அதனால் தொழு உரம், காம்போஸ்ட், மண்புழு உரம் எதுவுமே வேண்டாம். காய்கறித் தோட்டம் போட்டுப் பழகியவர்களுக்குக் கை சும்மா இருக்காது, தெரியும், ஆனால் இங்கே சும்மா இருப்பதுதான் சரி.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் "வைல்ட்ஃபிளவர் மிக்ஸ்" என்று அழகான படம் போட்டு விற்கும் பொட்டலங்களில் பாதிக்கு மேல் வேறு கண்டத்துப் பூக்கள் இருக்கலாம், பின்பக்கப் பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள். தாவரவியல் பெயர் தனியாக அச்சிட்ட ஒற்றை இன விதையாக வாங்குங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் சன் வேலியில் இருக்கும் தியோடர் பெய்ன் அறக்கட்டளை போன்ற, கலிபோர்னியாவின் சொந்தத் தாவரங்களுக்கென்றே இருக்கும் இடங்களில் கிடைக்கும். தேசியப் பூங்காவில் போய் விதை பறித்து வருவது சட்டப்படி குற்றம், அது வேண்டவே வேண்டாம். பாலைவனக் காடு உங்கள் வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கிறது என்றால் விதை எந்தப் பகுதியில் எடுத்தது என்றும் கேளுங்கள், ஏனென்றால் இந்த இனத்திலேயே மொஹாவிப் பக்கத்து வகை வேறு, சொனோரன் பக்கத்து வகை வேறு. விதை மிகச் சின்னது, பழுப்பு நிறம், லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேலெல்லாம் குழி குழியாக இருக்கும். ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருப்பதால் நாலுக்கு எட்டு அடிப் பாத்திக்கு இரண்டு சிட்டிகை தாராளம். காய்ந்த மணல் ஒரு டம்ளர் எடுத்து அதில் விதையைக் கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாமல் பரவும்.

எப்போது விதைப்பது? இரவு 15 டிகிரிக்குக் கீழே இறங்க ஆரம்பித்த பிறகு. எங்கள் பக்கம் அது நவம்பர். செப்டம்பரிலேயே ஆர்வத்தில் போட்டால் எறும்புக்கும் குருவிக்கும் தீனி போட்டதாகத்தான் முடியும். நாற்றுப்பையில் வளர்த்துப் பிடுங்கி நடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், மெல்லிசான ஆணிவேர் நேராகக் கீழே ஓடும், அதைத் தொந்தரவு செய்தால் செடி தேறுவது கடினம். தொட்டிதான் இருக்கிறது என்றால் ஆழமான மண்தொட்டியில் நேரடியாக விதையுங்கள்.

அடுத்தது இருட்டு. பெட்டூனியா மாதிரி சில பூக்களின் விதையை மண்ணுக்கு மேலேயே விடச் சொல்வார்கள், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்று. ஃபசீலியா இதற்கு நேர் எதிர், வெளிச்சம் அதன் முளைப்பைத் தடுக்கும். தூவியதும் வாரியின் முதுகால் மெதுவாக இழுத்து, மேலே மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மணல் தூவி, கால் பலகையால் அமுக்கிவிடுகிறேன். ஒரு முறை பாத்தியின் மூலையில் ஒரு சதுர அடியை மணல் போடாமல் திறந்தே விட்டுப் பார்த்தேன். அங்கே முளைத்ததெல்லாம் கல்லுக்கு அடியிலும் பிளவுக்குள்ளும் போய் ஒளிந்துகொண்ட விதைகள் மட்டும். காட்டிலும் இது கல் ஓரத்தில் கொத்தாக முளைத்திருப்பதைப் பார்க்கிறோம், கல்லடியில் ஈரம் தங்குவது ஒரு காரணம் என்றால் இருட்டும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். தினமும் பூவாளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் எல்லோரும் செய்வது, கீரை விதைக்கு அது சரி. பாலைவன ஓராண்டுச் செடிகளின் விதை அப்படி நடந்துகொள்வதில்லை. கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் 1940-களின் கடைசியில் இதை அழகாகக் காட்டினார். பாலைவன மேல்மண்ணை அதில் கிடந்த விதைகளோடு ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, செயற்கை மழை பெய்ய வைத்துப் பார்த்தார். லேசான தூறலுக்கு ஒன்றும் அசையவில்லை, கிட்டத்தட்ட ஒரு அங்குல மழை சேர்ந்தாற்போல் பெய்தபோதுதான் மொத்தமாக முளைத்தன. இன்னும் முக்கியமானது, அதே மண்ணை அடியிலிருந்து ஈரமாக்கினால் முளைக்கவில்லை, தண்ணீர் மேலிருந்து விழுந்து மண்ணுக்குள் இறங்க வேண்டியிருந்தது. பல விதைகளின் தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன, மேல்மண்ணில் உப்பும் இருக்கிறது, இரண்டையும் கழுவிக் கீழே தள்ளும் அளவுக்கு மழை பெய்தால்தான் செடி பூத்துக் காய்க்கும் வரை மண்ணில் ஈரம் இருக்கும் என்று நம்பலாம். தூறலை நம்பி முளைத்த விதை ஒரு வாரத்தில் கருகிவிடும், அதன் பரம்பரை அத்தோடு முடிந்தது.

இதைப் படித்த பிறகு பாத்தியை மூன்றாகப் பிரித்தேன். ஒரு பகுதிக்கு ஒரே மாலையில் ஒரு அங்குலம். இன்னொன்றுக்கு அதே ஒரு அங்குலத்தை இரண்டு வாரத்துக்குப் பிரித்துத் தினமும் தெளித்தேன். மூன்றாவதில் ஏற்கெனவே இருந்த சொட்டுநீர்க் குழாய். முதல் பகுதி ஒன்றரை வாரத்தில் பச்சை போர்த்திக்கொண்டது. இரண்டாவதில் அங்கொன்று இங்கொன்று. சொட்டுநீர்ப் பகுதியில் குழாயை ஒட்டிச் சில மட்டும், மற்ற இடமெல்லாம் காய்ந்து, ஈரவட்டத்தின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எங்கள் பள்ளத்தாக்குத் தண்ணீரில் கொலராடோ ஆற்றின் உப்பு கொஞ்சம் உண்டு, சொட்டுநீர் அதை வெளியே தள்ளி மேலே சேர்க்கிறது, விதையோ அந்த மேல் மூன்று மில்லிமீட்டரில்தான் கிடக்கிறது. மரத்துக்கும் புதருக்கும் சொட்டுநீர் அருமையான ஏற்பாடு, விதைப்புக்கு அது சரிப்படாது.

ஒரு அங்குலத்தை எப்படி அளப்பது என்றால், நாலுக்கு எட்டு அடிப் பாத்திக்கு ஒரு அங்குலத் தண்ணீர் ஏறக்குறைய 75 லிட்டர், அதாவது 20 கேலன், இரண்டு கேலன் பூவாளியில் பத்து முறை. நான் நீர்த்தெளிப்பானைச் சன்னமாக வைத்து, பாத்தி ஓரத்தில் தட்டையான காலி டின்களை வைத்துவிடுகிறேன், டின்னில் ஒரு அங்குலம் நின்றால் போதும். ஒரே மூச்சில் விட்டால் ஓடிவிடும், விதையும் சேர்ந்து ஓடும். கால் மணி நேரம் விட்டு, அரை மணி நேரம் ஊற விட்டு, மறுபடி என்று அந்தி முழுவதும் அதோடே இருந்தால் கீழே ஒரு சாண் வரை ஈரம் இறங்கும். வானிலை அறிக்கையில் உண்மையான மழை தெரிந்தால் இன்னும் நல்லது, முந்தின நாள் விதைத்துவிட்டு மழையின் அளவைப் பார்த்து, குறைந்ததை மட்டும் சேர்த்து விடுங்கள். முளைப்பு தெரியும் வரை மேல்மண் முழுக்கக் காயாமல் லேசாகத் தெளிக்க வேண்டும். முதல் நாள் நனைப்பு சரியாக நடந்திருந்தால் அது சிரமமே இல்லை.

தண்ணீர் மட்டும் போதாது, குளிரும் சேர வேண்டும் என்பதற்கு 2023-ல் எங்களுக்கு ஒரு பெரிய சாட்சி கிடைத்தது. அந்த வருடம் ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயல் வந்து பாம் ஸ்பிரிங்ஸில் ஒரே நாளில் மூன்று அங்குலத்துக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. பாத்தியில் முந்தைய பருவத்து விதைகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன, இத்தனை தண்ணீர் எந்தக் குளிர்காலத்திலும் ஒரே நாளில் பார்த்ததில்லை, ஒரு ஃபசீலியாகூட எழுந்திருக்கவில்லை. அந்தச் சூட்டில் முளைத்ததெல்லாம் கோடைச் செடிகளும் களைகளும். குளிர்ந்த பிறகு பெய்த மழைக்குத்தான் புளூபெல் எழுந்தது. வென்ட்டின் சோதனையிலும் இதேதான், ஒரே மண்ணைக் குளிரில் நனைத்தால் ஒரு கூட்டம் முளைக்கும், வெப்பத்தில் நனைத்தால் வேறொரு கூட்டம்.

முளை வந்ததும் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் கூடவே கடுகும் முளைக்கும். சகாரா கடுகு என்று ஒன்று, வட ஆப்பிரிக்கா, மேற்காசியப் பக்கத்துச் செடி, 1920-களிலேயே இந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது, பேரீச்சை நடவோடு வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். இப்போது மணல்வெளிகளில் சொந்தப் பூக்களின் இடத்தை அது பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கடுகின் விதையிலை நுனியில் நடுவே பிளந்து இதய வடிவில் இருக்கும். ஃபசீலியாவின் விதையிலை சின்ன முட்டை வடிவம், பிளவு இல்லை. அடுத்து வரும் இலை இன்னும் தெளிவு: வட்டமாக, விளிம்பில் பற்கள், மேலெல்லாம் சன்னமான ரோமம், காம்பு சிவப்பு. கடுகு அந்த வயதில் நீள இலையாகத் தரையோடு படுக்கும். ஈரம் இருக்கும்போதே வேரோடு இழுத்துவிடுங்கள், ஒரு செடி காய்த்தால் ஆயிரக்கணக்கில் விதை, நனைந்தால் பசை மாதிரி ஆகிக் காரின் டயரில் ஒட்டி ஊர் ஊராகப் போகும். பறவைகளும் உண்டு. குளிர்காலத்துக்கு வந்து தங்கும் வெள்ளைக்கொண்டைச் சிட்டுகளுக்கு இளமுளை என்றால் உயிர், காடைகளும் வரும், முயலும் வரும். இலை நாலைந்து வரும் வரை கோழி வலையைப் பாத்தி மேல் அரை அடி உயரத்தில் கட்டி வைக்கிறேன்.

அப்புறம் தண்ணீரைக் குறைக்க வேண்டும், இங்கேதான் பலருக்கு மனசு வருவதில்லை. இலை விரிந்த பிறகு மழையே இல்லாவிட்டால் பத்து நாளைக்கு ஒருமுறை, ஆழமாக. மழை பெய்தால் அதுவும் இல்லை. தினமும் ஈரமாக வைத்தால் இளஞ்செடி அடித்தண்டில் அழுகிச் சாய்ந்துவிடும். நெருக்கத்தையும் கலைக்க வேண்டும், ஒரு சாண் இடைவெளி விட்டால் ஒவ்வொன்றும் கிளைத்துப் பந்தாக வரும். நெருக்கமாகவே விட்டால் சாகாது, இரண்டு அங்குல உயரத்தில் ஒரே ஒரு பூவோடு நின்று ஒரு நெற்று விட்டு முடித்துக்கொள்ளும். மழை குறைந்த வருடங்களில் காட்டில் அப்படித்தான் செய்கிறது, அதைப் பார்த்துத்தான் இந்தச் செடி மேல் எனக்கு மதிப்பு வந்தது.

பூ வரும்போது தண்டின் நுனியைப் பாருங்கள். மொட்டுகள் ஒரே பக்கத்தில் வரிசையாக, தேள் வால் போலச் சுருண்டிருக்கும், அடியிலிருந்து ஒவ்வொன்றாக விரிய விரியச் சுருள் நிமிர்ந்துகொண்டே போகும். நம் ஊர் வயலோரத்துத் தேள்கொடுக்குச் செடியைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுருள் பழக்கமானது, இரண்டும் ஒரே குடும்பம்தான். மணி வடிவப் பூ, கட்டை விரல் நுனி அளவு, ஐந்து மடல், அந்த நீலம் வேறு எந்தப் பூவிலும் பார்க்காத அழுத்தமான நீலம். ஐந்து மகரந்தத் தாள்கள் வாயைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் வெளுத்த மகரந்தப் பை. இந்த நீலத்துக்குக் காரணமான நிறமியின் அமைப்பை 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள், செடியின் பெயரிலேயே ஃபசீலியானின் என்று அதற்குப் பெயர். காலை வெயில் ஏறினதும் தேனீக்கள் வந்துவிடும், பெரிய தேனீக்களோடு அரிசி அளவே இருக்கும் பாலைவனத்துத் தனித் தேனீக்களும். மருந்து எதுவும் அடிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. செடி முழுவதும் இருக்கும் ரோமத்தின் நுனியில் பிசுபிசுப்பான சுரப்பு உண்டு, விரலில் பழுப்பாகக் கறை பிடிக்கும். சிலருக்கு அது ஒவ்வாமையாகி, ஓரிரு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் வரும். ஃபசீலியா இனங்கள் பலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. களை எடுக்கும்போதும் விதை எடுக்கும்போதும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பூவைப் பார்க்க விடுங்கள், செடிக்குள் புரண்டு விளையாட விடாதீர்கள்.

ஏப்ரலில் அடிப்பூக்கள் காய்ந்து, புல்லிவட்டத்துக்குள் நெற்று பழுப்பாகும், தொட்டால் இரண்டாகப் பிளக்கும். மேலே இன்னும் பூ இருக்கும்போதே கீழே விதை கொட்டத் தொடங்கிவிடுவதால், சுருளின் பாதி காய்ந்ததுமே சிலவற்றை வெட்டிக் காகிதப் பையில் தலைகீழாகப் போட்டு வைக்கிறேன். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரு வாரத்தில் பையைக் குலுக்கினால் அடியில் விதை சேர்ந்துவிடும், டீ வடிகட்டி போட்டுச் சலித்தால் தூசி போகும். நான் எடுப்பது பத்தில் ஒரு பங்குதான், மீதி பாத்தியிலேயே விழட்டும்.

எடுத்த விதையைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறார்கள். பல வருடம் சேமிக்க அது சரி, அடுத்த நவம்பருக்கு என்றால் தேவையில்லை. குளிர்கால ஓராண்டுச் செடிகளின் புது விதை பொதுவாக உறக்கத்தில் இருக்கும், கோடைச் சூட்டில் கிடந்துதான் அது கலையும். 1967-ல் கேப்பன், வான் ஆஸ்டால் என்ற இருவர் பாலைவன விதைகளை 50 டிகிரியில் ஐந்து வாரம் வைத்து எடுத்தபோது பலவும் நன்றாக முளைத்ததாக எழுதினார்கள். என் விதை உறைகள் கோடை முழுவதும் கராஜ் அலமாரியில்தான் இருக்கும்.

இரண்டாம் வருடம் விதைக்கவே வேண்டாம், முதல் நனைப்பை மட்டும் சரியாகக் கொடுங்கள். அப்போதும் எல்லாம் முளைக்காது, முளைக்கவும் கூடாது. அரிசோனாவின் ட்யூசானில், டூமமாக் குன்றில் சூழலியலாளர் லாரன்ஸ் வெனபிள் 1980-களின் தொடக்கத்திலிருந்து ஓராண்டுச் செடிகளை வருடா வருடம் எண்ணிவந்தார். நல்ல மழை வருடத்திலும் ஒரு பகுதி விதை மண்ணுக்குள்ளேயே காத்திருக்கிறது, வருடத்துக்கு வருடம் விளைச்சல் அதிகமாக ஏறி இறங்கும் இனங்களில் காத்திருக்கும் பங்கும் கூடுதல் என்பது அங்கே தெரிந்தது. அதனால் ஒரு வருடம் கொஞ்சமாக வந்தால் உடனே புது விதை வாங்கிக் கொட்ட வேண்டாம்.

மே மாதம் காய்ந்த செடிகளைப் பிடுங்காமல் தரை மட்டத்தில் வெட்டி, உதறிவிட்டு எடுத்துவிடுங்கள். அந்தப் பாத்திக்குப் போகும் குழாய் வால்வை அக்டோபர் கடைசி வரை மூடிவிடுங்கள், கோடை ஈரம் விதையைக் கெடுக்கும், களையை வளர்க்கும். மேலே மரத்தூளோ பட்டைத் துண்டோ பரப்பாதீர்கள், விதைக்கு வழி இருக்காது, சரளை போதும். அக்டோபர் கடைசியில் வாரியால் ஒரு முறை மேலாகக் கீறிவிட்டு டின்களை எடுத்து வையுங்கள்.